மொகாலியில் பற்றிய தீ, மேட்டூரில் அணைந்த உலை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கும் ஆலை ஒன்றில் மின்பொறியாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் நான். அங்கே எங்களை எந்நேரமும் அச்சத்தில் வைத்திருந்தது ஒரு சிறிய பொருள். உள்ளங்கையில் அடங்கும் வட்ட வில்லை அது; விளிம்பில் வெண்பீங்கான், இருபுறமும் உலோக முகம். அதன் பெயர் தைரிஸ்டர், ஆலையில் எஸ்.சி.ஆர். என்றுதான் சொல்வோம். மின்வாரியம் தரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, பின்னர் விநாடிக்குப் பல நூறு முறை திசைமாறும் மின்சாரமாக ஆக்கி, உலையைச் சுற்றியுள்ள செப்புச் சுருளுக்கு அனுப்புபவை அந்த வில்லைகள்தாம்.

நள்ளிரவில் அவற்றுள் ஒன்று வெடித்தால் உலை நின்றுவிடும். உள்ளே பல டன் உருகிய இரும்பு இருக்கும். உரிய நேரத்துக்குள் வில்லையை மாற்றாவிட்டால் இரும்பு உலைக்குள்ளேயே உறைந்துபோகும். பிறகு உலையின் உட்பூச்சையே உடைத்தெடுக்க வேண்டியதுதான். ஆகவே, வில்லை வெடித்தது என்ற செய்தி வந்ததும் எல்லோரும் ஓடுவோம். மேலாளர் ஓடிவருவார். பக்கத்து ஆலையில் உதிரி வில்லை இருக்கிறதா என்று கேட்டுவர ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு பறப்பார். வழக்கமாகப் போட்டியாளராக நிற்கும் பக்கத்து ஆலைக்காரரும் அந்த நேரத்தில் மறுக்காமல் கொடுப்பார்; நாளை அவருக்கும் தேவைப்படும்.

அந்த வில்லைக்குள் இருப்பது ஒரு சிலிக்கன் தகடு. கணினிக்கும் கைப்பேசிக்கும் சில்லு செய்யப் பயன்படும் அதே சிலிக்கன். செம்பைப் போல மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தாமலும், பீங்கானைப் போல முற்றிலும் தடுக்காமலும் இடைநிலையில் நிற்பதால் இதைக் குறைகடத்தி என்கிறோம். இதனுடன் கலக்கும் அந்நிய அணுக்களின் அளவைக் கொண்டு, எப்போது கடத்த வேண்டும், எப்போது தடுக்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியும். இத்தொழில் முழுவதும் இந்த ஒரு பண்பின் மீதுதான் நிற்கிறது.

இன்று குறைகடத்தியைப் பற்றிப் பேசாதவர் இல்லை. 2021 டிசம்பரில் மத்திய அரசு ரூ.76,000 கோடியில் திட்டம் அறிவித்தது. தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் ரூ.500 கோடி மதிப்பில் ஒரு குறைகடத்தி இயக்கத்தை அறிவித்தது. சூலூரிலும் பல்லடத்திலும் இத்தொழிலுக்கான இயந்திரப் பூங்காக்கள் அமையவிருக்கின்றன. "நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் ஒரு சில்லு ஆலை வருமா?" என்று பழைய நண்பர்கள் என்னிடம் கேட்கிறார்கள். இந்தியா இத்துறையில் இப்போதுதான் காலடி வைக்கிறது என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அது சரியன்று. நாம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியவர்கள். தொடங்கியவை என்ன ஆயின என்பதைத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு திருவள்ளூரைப் பற்றிப் பேசுவது நல்லது.

பெங்களூரில் உள்ள பொதுத்துறை நிறுவனமான பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1962-இல் ஜெர்மானியம் என்னும் தனிமத்தால் ஆன டிரான்சிஸ்டர்களைத் தயாரிக்கத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே சிலிக்கன் கருவிகளுக்கும் வந்துவிட்டது. 1964-இல் கான்டினென்டல் டிவைஸ் இந்தியா என்ற தனியார் நிறுவனம் அமெரிக்கக் கூட்டுறவுடன் தில்லியில் உருவானது. டயோடு, டிரான்சிஸ்டர் போன்ற தனித்தனி உறுப்புகளைச் செய்வது அதன் தொழில். இந்நிறுவனம் இன்றும் இயங்குகிறது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த நான்கு திட்டங்களுள் இதன் மொகாலி விரிவாக்கமும் ஒன்று. பரபரப்பான செய்தி எதிலும் இடம்பெறாமல் அறுபது ஆண்டுகள் ஒரு குறைகடத்தி நிறுவனம் இந்தியாவில் தாக்குப்பிடித்தது எப்படி என்று நான் யோசித்ததுண்டு. டயோடு இல்லாத மின்கருவி இல்லை. அதை வாங்குபவர் ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். இதற்கு மேல் பெரிய இரகசியம் எதுவும் அதில் இருப்பதாகத் தெரியவில்லை.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். குறைகடத்தித் தொழிலின் முதல் படி, தூய சிலிக்கனைச் செய்வது. மணலும் படிகக் கல்லும் சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்தவை. கரியோடு சேர்த்து மின்வில் உலையில் சூடாக்கினால் ஏறத்தாழ 98 அல்லது 99 விழுக்காடு தூய்மையான சிலிக்கன் கிடைக்கும். இரும்பாலைக்கும் அலுமினிய ஆலைக்கும் அது போதும், சில்லுக்குப் போதாது. சில்லுக்கு வேண்டிய சிலிக்கனில் நூறு கோடி அணுக்களுக்கு ஓர் அந்நிய அணு இருந்தாலே அதிகம். திடப்பொருளை அவ்வளவு தூய்மையாக்குவது கடினம் என்பதால், அதைத் திரவமாக்கிக் காய்ச்சி வடிப்பது வழக்கம். சிலிக்கன் பொடியின் மீது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைச் செலுத்தினால் டிரைகுளோரோசிலேன் என்ற திரவம் கிடைக்கிறது. இதன் கொதிநிலை 32 டிகிரி செல்சியசுக்கும் சற்றுக் குறைவு. சித்திரை மாதத்தில் மேட்டூர் நிழலில் வைத்தாலே கொதித்துவிடும். அசுத்தங்களின் கொதிநிலை வேறு என்பதால் அடுக்கடுக்கான வடிகோபுரங்களில் அவற்றைப் பிரித்துவிடலாம். பிறகு இந்த ஆவியை ஹைட்ரஜனோடு கலந்து, ஏறத்தாழ 1,100 டிகிரியில் தகதகக்கும் மெல்லிய சிலிக்கன் தண்டுகளின் மேல் பாய்ச்சினால், தூய சிலிக்கன் தண்டின் மேல் படிந்து படிந்து பருக்கும். இந்தத் தூய சிலிக்கனைப் பாலிசிலிக்கன் என்பார்கள்.

இதற்கு வேண்டியவை மூன்று: குளோரின், ஹைட்ரஜன், மின்சாரம். மேட்டூரில் மூன்றும் இருந்தன. 1934-இல் அணை கட்டி முடிக்கப்பட்டதும், அதன் நீர்மின்சாரத்தை நம்பி 1936-இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் நிறுவனம் எழுந்தது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடா செய்யும் ஆலை அது. அந்த வேதிவினையில் காஸ்டிக் சோடாவோடு குளோரினும் ஹைட்ரஜனும் தாமாகவே வெளிவரும். ஆக, சோடா செய்யும் ஊரில் சிலிக்கன் செய்யலாம் என்பது இயல்பான சிந்தனை. அந்த வழியைக் காட்டியவர் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் வேதியியல் பேராசிரியர் ஏ.ஆர்.வாசுதேவ மூர்த்தி. அவரது ஆய்வுக்கூடத்தில் உருவான முறையைக் கொண்டு 1980-களில் மேட்டூரில் மெட்கெம் சிலிக்கன் என்ற நிறுவனம் பாலிசிலிக்கன் தயாரித்தது. வெளிநாட்டு உரிமம் இல்லாமல், நம் பேராசிரியரின் முறையில், நம் ஊர் ஆலையில் கிடைத்த சிலிக்கன். இதை இன்று தமிழ்நாட்டில் எத்தனை பேர் அறிவர் என்று தெரியவில்லை. பொறியியல் மாணவர்களிடம் சொன்னால் வியப்போடு பார்க்கிறார்கள்.

அதே காலத்தில் தில்லியில் வேறொரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் ஹெம்லாக் நிறுவனத்திடம் தொழில்நுட்பத்தை விலைக்கு வாங்கி, ஆண்டுக்கு 200 டன் செய்யும் தேசியச் சிலிக்கன் ஆலை அமைப்பது என்பதே அது. சொந்தத் தொழில்நுட்பம் கண்முன் இருக்கையில் வெளியே ஏன் கோடிகளைக் கொட்ட வேண்டும் என்று விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள். உள்நாட்டு முறை சிறிய அளவில்தான் நிரூபிக்கப்பட்டுள்ளது, பெரிய ஆலைக்கு அது தாங்காது என்பது மறுதரப்பு. என் பார்வையில் இரு தரப்பிலும் ஓரளவு நியாயம் இருந்தது. வாதம் நீண்டது, கடைசியில் ஹெம்லாக் ஆலையும் வரவில்லை, மேட்டூர் ஆலை அந்த அளவுக்கு வளரவும் இல்லை.

மேட்டூர் சிலிக்கனை யார் வாங்குவது என்ற கேள்விதான் கடைசிவரை நின்றது. அதைப் படிகமாக வளர்த்து, தகடாக அறுத்து, சில்லோ சூரிய மின்கலமோ ஆக்கும் ஆலைகள் நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. சாகிபாபாத்தில் சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ், பெங்களூரில் பெல் நிறுவனத்தின் மின்னணுப் பிரிவு என்று சிலவே சூரிய மின்கலம் செய்தன. அக்காலத்தில் ஒரு கிலோ பாலிசிலிக்கன் செய்ய நூறு யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் வேண்டும். சிறிய ஆலையில் அச்செலவு இன்னும் ஏறும். 1991-க்குப் பிறகு இறக்குமதி வரிகள் சரிந்தபோது, ஆயிரக்கணக்கான டன் உற்பத்தி செய்யும் அமெரிக்க, ஜெர்மானிய, ஜப்பானிய ஆலைகளோடு மேட்டூர் மோத முடியவில்லை. உலை அணைந்தது. அதன் பிறகு நெடுங்காலம் இந்தியாவில் வணிக அளவில் பாலிசிலிக்கன் உற்பத்தியே இல்லை. இன்று நம் கூரைகளில் மின்னும் சூரியத் தகடுகளின் மூலப்பொருளுக்குச் சீனத்தை நம்பியிருக்கிறோம்.

மேட்டூரில் செய்தது மூலப்பொருள். சில்லையே செய்ய முனைந்த நிறுவனம் வடக்கே, பஞ்சாபின் மொகாலியில் இருந்தது. செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் லிமிடெட் என்ற அந்த மத்திய அரசு நிறுவனத்துக்கு 1976-இல் அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது. உற்பத்தி தொடங்கியது 1984-இல். அமெரிக்கன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் உரிமம் பெற்று, 5 மைக்ரான் அளவில் தொடங்கினார்கள். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். அதில் பதினான்கில் ஒரு பங்கு அகலத்துக்குக் கோடு கிழிக்கும் நுட்பம் அது. மின்னணுக் கைக்கடிகாரங்களுக்கும் தொலைபேசிக் கருவிகளுக்கும் வேண்டிய சில்லுகளைச் செய்தார்கள். பிறகு 3 மைக்ரான், அதற்கும் கீழே என்று தாமாகவே நுட்பத்தைக் கூர்மையாக்கிக் கொண்டு போனார்கள். உரிமம் வாங்கியவர்கள் வாங்கிய இடத்திலேயே நின்றுவிடுவது நம் தொழில் வரலாற்றில் வழக்கமாக இருந்த காலத்தில், இது சாதாரணச் செயலன்று.

1976 என்ற ஆண்டை இங்கே சற்று நினைவில் வைக்க வேண்டும். அதே ஆண்டில் தைவான் அரசின் ஆய்வு நிறுவனம் ஒன்று அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. இளம் பொறியாளர்களை அங்கே அனுப்பிக் கற்றுவரச் செய்தார்கள். அவர்கள் வாங்கிவந்த நுட்பம் 7 மைக்ரான். நாம் பின்னர் வாங்கியதைவிடப் பழையது. அவர்கள் முதலில் செய்ததும் கைக்கடிகாரச் சில்லுதான். ஆனால், அவர்களின் சில்லு உலகெங்கும் விற்கும் கடிகாரங்களுக்குள் போயிற்று. நம்முடையது, உரிமமும் ஒதுக்கீடும் சூழ்ந்த உள்நாட்டுச் சந்தைக்குள் நின்றது. அங்கிருந்து 1980-இல் யு.எம்.சி. நிறுவனமும், 1987-இல் டி.எஸ்.எம்.சி. நிறுவனமும் கிளைத்தன. டி.எஸ்.எம்.சி. தொடங்கும்போது அரசு ஏறத்தாழப் பாதி முதல் போட்டது; நெதர்லாந்தின் பிலிப்ஸ் கால் பங்குக்கும் மேல் போட்டது. முதல் போட்ட நிறுவனம் வாடிக்கையாளராகவும் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

1989 பிப்ரவரி 7-ஆம் நாள் மொகாலி ஆலையில் தீப்பற்றியது. சில்லுகள் உருவாகும் தூய அறை, இயந்திரங்கள், இருப்பு எல்லாம் அழிந்தன. இழப்பு ரூ.60 கோடி அளவில் இருக்கும் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. காரணம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. ஆகவே, சதி என்ற பேச்சு இன்றும் சமூக ஊடகங்களில் உலவுகிறது. எனக்கு அந்தப் பேச்சில் ஆர்வமில்லை. தீ யார் வைத்தது என்பதைவிட, ஆலை திரும்பி எழ எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதே எனக்குப் பெரிய கேள்வி. உற்பத்தி மறுபடி சீரானபோது 1997-ஆம் ஆண்டு ஆகிவிட்டது. எட்டு ஆண்டுகள்.

ஒப்பிட்டுப் பார்க்க அண்மை உதாரணம் ஒன்று உண்டு. 2021 மார்ச் 19 அன்று ஜப்பானில் உள்ள ரெனெசாஸ் நிறுவனத்தின் நாகா சில்லு ஆலையில் தீப்பற்றி, தூய அறையும் இயந்திரங்களும் எரிந்தன. உலகக் கார் நிறுவனங்களுக்கு அங்கிருந்துதான் சில்லுகள் போய்க்கொண்டிருந்தன. கார் நிறுவனங்களும் இயந்திர நிறுவனங்களும் கட்டுமான நிறுவனங்களும் தங்கள் ஆட்களை அனுப்பின. நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இரவுபகலாக வேலை செய்தார்கள். ஒரு மாதத்துக்குள் உற்பத்தி தொடங்கியது. ஏறத்தாழ நூறு நாள்களில் பழைய அளவை எட்டியது.

இந்த ஒப்பீடு முழுதும் நியாயமானதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். சில்லு செய்யும் இயந்திரங்களை வடிப்பவர்கள் ஜப்பானிலேயே இருக்கிறார்கள். நமக்கோ ஒவ்வோர் இயந்திரமும் கடல் கடந்து, ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளைத் தாண்டி, அந்நியச் செலாவணி ஒதுக்கீடு பெற்று வர வேண்டியிருந்தது; 1991-இல் நாட்டின் கையிருப்பே சில வார இறக்குமதிக்கு மேல் தாங்காத நிலை. இவற்றையெல்லாம் கழித்துவிட்டாலும், நூறு நாளுக்கும் எட்டு ஆண்டுக்கும் இடையில் இன்னொரு வேறுபாடு மிஞ்சுகிறது. நாகா ஆலை நின்றதும் டொயோட்டா, நிசான், ஹோண்டா ஆலைகளில் கார்கள் நின்றன. மொகாலி ஆலை நின்றதும் இந்தியாவில் எந்த ஆலையும் நிற்கவில்லை. இறக்குமதிச் சில்லை வாங்கிக்கொண்டு எல்லோரும் தத்தம் வேலையைத் தொடர்ந்தார்கள். எங்கள் உலையில் வில்லை வெடித்தால் ஓடிவந்தோமே, அது வில்லையின் மீதுள்ள பாசத்தால் அல்ல. உள்ளே இரும்பு உறைந்துவிடும் என்பதால். மொகாலி எரிந்தபோது உறைந்துபோக எவரிடமும் இரும்பு இல்லை.

ஆலை திரும்பி நிமிர்ந்தபோது அதன் நுட்பம் 0.8 மைக்ரான். அந்த எட்டாண்டில் உலகின் முன்னணி நிறுவனங்கள் 0.35 மைக்ரானுக்குப் போய்விட்டன. போதாக்குறைக்கு, அதே 1997-இல்தான் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. சில்லுகளின் மீதான இறக்குமதி வரி படிப்படியாகச் சுழியமாகும் என்பது அதன் சாரம். கணினியும் மென்பொருளும் பரவ அது உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. புண்பட்டு எழுந்த ஆலைக்கு அந்த நேரம் வாய்த்தது நற்பேறு அன்று.

இருந்தும் மொகாலி சாகவில்லை. 2006-இல் அந்த நிறுவனம் விண்வெளித் துறைக்கு மாற்றப்பட்டது. லிமிடெட் என்ற சொல் போய், லேபரட்டரி என்ற சொல் வந்தது; எஸ்.சி.எல். என்ற சுருக்கப் பெயர் மட்டும் மாறவில்லை. இஸ்ரேலின் டவர் நிறுவனத்திடமிருந்து 180 நானோமீட்டர் நுட்பம் பெறப்பட்டது. அங்கு உருவான விக்ரம் 1601 என்ற செயலி 2009 முதல் இஸ்ரோவின் ஏவுகலங்களை வழிநடத்தி வருகிறது. அதன் அடுத்த தலைமுறையான 32 பிட் விக்ரம் 3201 செயலி 2025-இல் நாட்டுக்குக் காட்டப்பட்டது. 180 நானோமீட்டர் என்பது உலக அளவில் இருபத்தைந்து ஆண்டுப் பழைய நுட்பம்தான். ஆனால், கதிர்வீச்சையும் கடும் வெப்ப மாறுதலையும் தாங்க வேண்டிய ஏவுகலத்துக்கு அது போதும். அதை வேறு நாட்டிடம் கேட்டு நிற்க முடியாது என்பதால் இஸ்ரோ அந்த ஆலையை விட்டுவிடாது. கையைவிட்டுப் போகவிடாத ஒரு வாடிக்கையாளர் 2006-இல்தான் அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

சில்லுத் தொழிலில் இன்னொரு படியும் உண்டு. தகட்டிலிருந்து வெட்டிய சில்லுக்கு உறையிட்டு, கால்கள் பொருத்தி, சோதித்து அனுப்பும் வேலை. தமிழர்களுக்கு அந்நியமில்லாத பினாங்கு இந்தப் படியில்தான் வளர்ந்தது. இன்டெல் 1972-இல் அங்கே தொடங்கியது இதைத்தான். தமிழகத்தில் ஸ்பிக் குழுமத்திலிருந்து கிளைத்த ஸ்பெல் நிறுவனம் 1980-களில் மறைமலைநகரில் இதே வேலையைத் தொடங்கியது. குஜராத்தின் சாணந்திலும் அசாமிலும் இன்று ஆயிரக்கணக்கான கோடிகளில் எழும் உறையிடும் ஆலைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், சென்னை புறநகரில் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அது இருந்தது என்ற நினைவு வருகிறது. பினாங்கில் ஒரு நிறுவனத்தைச் சுற்றி நூறு நிறுவனங்கள் சேர்ந்தன. மறைமலைநகரில் ஒன்று ஒன்றாகவே நின்றது.

இப்போது நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். திருவள்ளூர் மாவட்டத்துக்குச் சில்லு ஆலை வருமா?

தகட்டில் சில்லு பொறிக்கும் பெரிய ஆலையைப் பற்றிக் கேட்டால், கும்மிடிப்பூண்டி பொருத்தமான இடமன்று என்பேன். மின்சாரம் முதல் தடை. 2010 டிசம்பரில் ஜப்பானின் யொக்கைச்சி நகரில் உள்ள தோஷிபா ஆலைக்கு வந்த மின்னழுத்தம் 0.07 விநாடி குறைந்தது. கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. இயந்திரங்கள் நின்று, பாதியில் இருந்த தகடுகள் வீணாகி, அடுத்த மாதங்களின் விநியோகத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை பாதிக்கப்படும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. எங்கள் தொழிற்பேட்டையில் உலைகள் சேர்ந்து இயங்கும்போது மின்னழுத்தம் படும் பாட்டை நான் அளவிட்டுப் பார்த்தவன். இரும்புத் தூசும் கனரக வாகன அதிர்வும் தனி.

நீர் இரண்டாவது. பெரிய சில்லு ஆலை ஒன்று நாளொன்றுக்குச் சில கோடி லிட்டர் நீர் கேட்கும். 2021 வறட்சியில் தைவான் தன் சில்லு ஆலைகளைக் காக்க நெல் வயல்களுக்கான பாசன நீரை நிறுத்தியது. ஆலைகள் லாரியில் நீர் வாங்கின. திருவள்ளூர் மாவட்டம் நெல் விளையும் ஏரி மாவட்டம்; பூண்டி, சோழவரம், புழல் என்று சென்னையின் தாகத்தைத் தீர்ப்பதும் இதுவே. 2019 கோடையில் அந்த ஏரிகள் வறண்டதை எவரும் மறந்திருக்க முடியாது. கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020-இல் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு அரை டிஎம்சி. அது குடிநீருக்காகக் கட்டப்பட்டது. அருகிலேயே சிப்காட் பூங்கா இருக்கிறது என்பதால் அதன்மீது கண்வைப்பது தகாது. தேர்வாய் கண்டிகையில் அந்தப் பூங்காவுக்கு மேய்ச்சல் நிலத்தை எடுத்தபோது ஊர் மக்கள் நடத்திய போராட்டம் பழங்கதையாகிவிடவில்லை. கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தொழிற்சாலைத் தரத்தில் தரும் நிலையம் இயங்குகிறது. ஆலைகளுக்கு அத்தகைய நீர் மட்டுமே என்ற விதியை எழுத்தில் வைத்த பிறகுதான் புதிய தொழிலைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆனால், என் கையில் வெடித்த அந்த வில்லையைப் போன்ற மின்திறன் கருவிகளை உறையிட்டுச் சோதிக்கும் ஆலைக்கு இவ்வளவு நீரும் வேண்டாம், இவ்வளவு முதலும் வேண்டாம். அதற்கான வாடிக்கையாளர்கள் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி உலைகள் ஒருபுறம். எண்ணூரில் லாரி, பேருந்து செய்யும் அசோக் லேலண்ட். மின்சாரப் பேருந்துக்கு மின்திறன் கருவி இல்லாமல் சக்கரம் சுழலாது. பெரம்பூரில் வந்தே பாரத் ரயில்கள் பிறந்த ஐ.சி.எஃப்.; ரயிலின் இழுவிசை முழுவதும் இத்தகைய கருவிகளின் வழியாகத்தான் போகிறது. தென் மாவட்டங்களின் காற்றாலைகளும் சூரியப் பூங்காக்களும் அப்படியே. இவற்றுள் எது நின்றாலும் யாரேனும் ஓடிவருவார்கள்.

ஆகவே, நிலத்தை வரையறுத்து மானியத்தை அறிவிப்பதற்கு முன்பு, மாநில அரசு செய்யத்தக்க சிறிய வேலை ஒன்று உண்டு. இந்த வட்டாரத்தில் ஓராண்டில் எந்த அளவு, எந்த வகை மின்திறன் கருவிகள் வாங்கப்படுகின்றன, எத்தனை எரிகின்றன, எங்கிருந்து வருகின்றன, வருவதற்கு எத்தனை வாரம் ஆகின்றது என்று கணக்கெடுப்பது. எங்கள் ஆலையில் வில்லை மாற்றும் ஒவ்வொரு முறையும் நாள், நேரம், வில்லையின் எண், செய்த நாடு ஆகியவற்றை ஒரு தடித்த பதிவேட்டில் எழுதிவைப்போம். பெரும்பாலான ஆலைகளின் மின்பராமரிப்பு அறையில் அத்தகைய பதிவேடு இருக்கும். தொழிற்பேட்டை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் கேட்டுப் போனால் ஒரு மாதத்தில் திரட்டிவிடலாம்.